கோவிந்தம்மாவின் பதினொரு வருகைகள்

ஆய்வுக்கு ஆள் கிடைப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய கஷ்டம். கல்லூரிப் பிள்ளைகள் ஒருமுறை வருவார்கள். மறுமுறை கூப்பிட்டால் தேர்வு என்பார்கள். கோவிந்தம்மா அப்படியில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று முடித்து, கைகழுவிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொன்ன நேரத்துக்கு அடையாற்றில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்.

பார்க்கும்போது கண் எப்படி அசைகிறது என்பது என் ஆய்வு. தாடையைத் தாங்கியில் வைத்து, திரையில் தோன்றும் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். கருவி பதிவு செய்துகொள்ளும்.

மூன்றாம் வருகையில், ஓரத்துப் புள்ளிகளை அவர் கண் தேடவில்லை. நான்காம் வருகையில் அந்த இடம் அகன்றிருந்தது. கண் நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கும் கிளாக்கோமா என்று ஊகிக்க என் படிப்பு போதும். சொட்டு மருந்தில் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம் என்பதும் தெரியும்.

"இன்னாம்மா, கண்ணு நல்லாகீதா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு, கோவிந்தம்மா. அடுத்த தடவையும் வந்துடுங்க," என்றேன்.

மருந்து போட்டால் பதிவு கெட்டுவிடும். பார்வை குறையக் குறைய, மிச்சமிருக்கும் இடத்தை வைத்துக்கொண்டு கண் எப்படிச் சமாளிக்கிறது என்று அடி முதல் நுனி வரை பார்க்கும் வாய்ப்பு அது. இது மருத்துவப் பரிசோதனை அல்ல என்று படிவத்தில் இருக்கிறது. நானே வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்.

ஏழாம் வருகைக்கு முழங்கையில் கட்டோடு வந்தார். "வண்டி எங்கேந்து வந்துச்சினே தெர்ல," என்றார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். என் வரைபடத்தோடு பொருந்தியது.

ஒன்பதாம் வருகையில் மகள் காவேரி கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"மேடம், மீன் அறுக்க சொல்லோ அம்மா கைய வெட்டிக்குது. கண்ணு டாக்டராண்ட போலாம்னு கீறோம்."

"வயசானா தடுமாற்றம் இருக்கும்மா. கண்ணுல கோளாறுன்னா எங்க மெஷின்ல தெரிஞ்சிருக்குமே," என்றேன்.

காவேரி முகம் தெளிந்தது. இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

பதினோராம் வருகையில் கோவிந்தம்மா ஒரு புள்ளியையும் கண்டுபிடிக்கவில்லை. "திரைய போடலியாம்மா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். மறுநாள் காவேரி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

நான் சொல்லாமல் விட்டதாகக் காவேரி புகாரில் எழுதியிருக்கிறார். விசாரணைக் குழுவினராகிய உங்களுக்காக அதைத் திருத்த வேண்டும். கேட்டபோது பொய் சொன்னேன். மருத்துவரிடம் போக இருந்தவர்களைத் தடுத்தேன். அந்தக் கண்கள் போனது என்னால்தான்.

பார்வை போன பிறகும் கண் அசையும். எத்தனை நாள், எப்படி என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வருகைக்கு நாள் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் அனுமதி கொடுத்தால் போதும். கோவிந்தம்மாவுக்கு என்மேல் பிரியம் அதிகம், கூப்பிட்டால் வருவார்.