நனைக்காமல் வெட்டக்கூடாது

ஹலோ... ம்... ம்... இரு, வாயில குண்டூசி... ம், எடுத்துட்டேன். யாரு?... அட, நீயா கண்ணு! சாப்பிட்டியா?... இன்னும் இல்லையா? நல்லா இருக்கு போ. அம்மா வீட்டுல இருந்துக்கிட்டே நீ பட்டினி கிடந்தா, உங்கம்மா என்னைத்தான் சொல்வாங்க. மாமியார்காரி மருமகளை இப்படித்தான் பழக்கி அனுப்பியிருக்கான்னு...

சிரிக்கிறியா? சிரி, சிரி. அவன் போனதுக்கு அப்புறம் இந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லையே நான்.

...ஆமா. ஆமா, அதேதான் பண்ணிட்டு இருக்கேன். தரையெல்லாம் துணிதான், கால் வைக்க இடமில்ல... வந்துச்சும்மா, நீ குடுத்தனுப்பின பை பத்திரமா வந்துச்சு. உங்க அண்ணன்தான் கொண்டு வந்து வச்சாரு. ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல, வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு. அவரைச் சொல்லி என்ன? இப்ப என் மூஞ்சியப் பார்த்துப் பேச யாருக்குத்தான் தைரியம் இருக்கு?

...சரி, சரி, அழல. நீ கேளு.

போர்வையா? பாதிக்கு மேல ஆயிடுச்சு. நீ சொன்ன மாதிரியே எல்லாம் அவன் துணிதான், வேற ஒரு துண்டு கூடச் சேர்க்கல. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை இருக்குல்ல, உன்னை முதல் முதலா சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனப்ப போட்டது... ஆமா, பட்டன் மாத்திப் போட்டுக்கிட்டு வந்தானே, அதேதான்! அதை நாலு மூலைக்கும் வச்சிருக்கேன். பேக்கரியில போடுற வெள்ளை உடுப்பை நீள நீளமா வெட்டி ஓரத்துக்குக் குடுத்துட்டேன். அதோட கைப்பக்கம் சர்க்கரைப் பாகுக் கறை இருக்கு, என்ன தேய்ச்சும் போகல. இருந்துட்டுப் போகட்டும்னு கறையோடவே தைச்சிட்டேன்...

இல்லம்மா, கண்ணெல்லாம் வலிக்கல. ஊர்ல இருக்கிறவங்க துணியெல்லாம் தைச்சவ நான். என் பிள்ளை துணியைத் தைக்கவா வலிக்கப் போகுது?

பன்னா? இருக்கா, மகாராணிக்கு என்ன. உங்கம்மாவுக்குப் பூனை ஆகாதுன்னு நீ இங்க விட்டுட்டுப் போனப்ப, பேருக்கு ஏத்த மாதிரி உப்பலா இருந்தா. இப்ப ஒரு சுத்து இளைச்சுட்டா... இல்ல இல்ல, நீ ஒண்ணும் கவலைப்படாத. வந்த புதுசுல என் மடிய விட்டு இறங்க மாட்டா. வெட்டி அடுக்கி வச்ச துணி மேல ஏறிப் படுக்கிறதும், நூல்கண்டை உருட்டிக்கிட்டு ஓடறதும், ஒரே அழிச்சாட்டியம். இந்தப் பை வந்ததுல இருந்துதான் என்ன கோபமோ, மெஷினுக்குப் பின்னாடி மூலையே கதின்னு கிடக்கா. பால் வச்சா வந்து குடிக்கிறா, திரும்பப் போய் அங்கயே சுருண்டுக்கறா. கூப்பிட்டா காதைக் கூட அசைக்கிறதில்ல. உடம்புக்கு ஏதோ முடியலன்னு நினைக்கிறேன்... ம், டாக்டர்கிட்ட காட்டறேன்.

ம்... சொல்லு... என்ன இழுக்கிற? என்கிட்ட கேட்கிறதுக்கு என்ன தயக்கம் உனக்கு?

...சட்டையா? எந்தச் சட்டை?... நீலக் கோடு போட்டதா...

ம்... தலையணை உறைக்குள்ள வச்சிருந்தியா... ம்... உங்கம்மா அலமாரியை ஒழுங்கு பண்றப்ப, அதுவும் தைக்கிறதுக்குத்தான்னு நினைச்சு... உறையோட எடுத்துப் பையில திணிச்சுட்டாங்களா... இப்பதான் தேடினியா நீ...

இருக்கும்மா. இருக்கு. எங்க போயிடப் போகுது? பையிலதான் இருக்கும். நீ பதறாத, நான் தனியா எடுத்து வைக்கிறேன்... வெட்டினேனான்னா... இல்ல... இன்னும் அந்தப் பக்கமே போகலன்னுதான் நினைக்கிறேன்... சரி, இத்தனை சட்டை குடுத்தவ, அதுக்கு மட்டும் ஏன் இப்படித் துடிக்கிற?

ம்...

ம்...

துவைக்காம வச்சிருந்தியா.

...முந்தின நாள் வேலை முடிஞ்சு வந்து கழட்டிப் போட்டது... ம்... மறுநாள் காலையில வண்டியை எடுத்துட்டுப் போனவன்தான்... தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஓடினதே நான்தானே... ம்... படுக்கப் போறப்ப உறையைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துட்டு... உடனே மூடிடுவியா... வாசம் போயிடக்கூடாதுன்னு...

...

இல்ல, லைன்லதான் இருக்கேன். இருக்கேன்.

அம்மாடி, இப்ப உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன். அதை வெட்டிட்டேன்.

வெட்டிட்டேன் கண்ணு. போர்வைக்கு நடுவுல அதான் இருக்கு. இந்தா, என் மடியிலதான் கிடக்கு, ஊசி அதுலதான் குத்தி நிக்குது... துணி நல்லா இருந்துச்சு, சாயமே வெளுக்கல, அதான் நடுவுக்கு நல்லா இருக்கும்னு...

...துவைச்சுட்டேன்.

ஆமா. துவைச்சுட்டுத்தான் வெட்டினேன். எல்லாத்தையும் தனித்தனியா ஊறப்போட்டுத் துவைச்சுட்டேன். நனைக்காம வெட்டக்கூடாதும்மா. அப்படியே தைச்சா ஒரு துணி சுருங்கும், ஒண்ணு சுருங்காது, முதல் துவையல்லயே மொத்தமும் கோணிக்கும். ஒண்ணோட சாயம் இன்னொண்ணுல ஏறிடும். தையல் கத்துக்கிட்ட நாள்ல இருந்து கைக்கு அது பழக்கம். பையை அவிழ்த்தேன், வாளியில போட்டேன். ஒரு நிமிஷம் மூக்குகிட்ட கொண்டு போகணும்னு தோணலையே எனக்கு! பெத்தவ நான், எனக்குத் தோணலையே!

...திட்டு. நல்லாத் திட்டு... ஆமா, ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போன் பண்ணி, துவைக்கவான்னு கேட்டிருக்கணும்... ஆமா... ஆமா... நீ கத்தறதுல தப்பே இல்ல... இல்ல இல்ல, பரவாயில்லன்னு சொல்லாத. திட்டறதை நிறுத்தாத, அதை விட இது பெரிய தண்டனையா இருக்கு.

அந்தச் சட்டையோட பாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக் கசக்கினேன் கண்ணு. தண்ணி வெள்ளையாக் கலங்குச்சு. சோப்பு சரியாப் போகலன்னு நினைச்சு மறுபடி மறுபடி அலசினேன். நீ சொல்றப்பதான் இப்ப புரியுது. மாவும்மா அது. மாவுக் கையை அப்படியே பாக்கெட்டுல விடுவானே, எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... பள்ளிக்கூடம் போற வயசுல இருந்து அவன் சட்டையைத் துவைச்ச கை இது. கடைசியா மிச்சம் இருந்ததையும் நானே அலசிச் சாக்கடையில ஊத்திட்டேன்.

...நான் ஒண்ணும் அழல, மூக்கு அடைச்சிருக்கு... சரி, அழறேன். ரெண்டு பேரும்தான் அழறோம், இதுல என்ன ஒளிவு மறைவு.

ம்?... என்ன?... சரியாக் கேட்கல, மூக்கைத் துடைச்சுட்டுச் சொல்லு... உறையா? தலையணை உறையா?... வெள்ளையில சின்னச் சின்னப் பூப் போட்டதா?

இல்ல. அதைத் துவைக்கல... சத்தியமா துவைக்கல. கையில எடுத்துப் பார்த்தேன், நைஞ்சு போயிருந்துச்சு. ஊசி வச்சாலே கிழியும், தைக்க ஆகாதுன்னு தூக்கி ஓரமாப் போட்டேன்... எங்கயா? இங்கதான், மெஷின்கிட்ட... இரு, போனை வைக்காத, எழுந்திருக்கிறேன்... அப்பா, இந்த முட்டி... குப்பையில போடல, போட்டிருந்தா ஞாபகம் இருக்கும்... மேஜைக்கு அடியில இல்ல... துண்டுத்துணிக் கூடையில... இல்லையே... இரு இரு, மெஷினுக்குப் பின்னாடி பார்க்கிறேன். பன்னு, நகரு. நகருடி, அங்க என்ன...

...

கண்ணு.

கண்ணு, இவ அது மேலதான் படுத்திருக்கா.

ஆமா, உறை மேலதான்... மேல என்ன மேல, பாதி உடம்பு உள்ள இருக்கு. மூஞ்சியை உள்ள விட்டுக்கிட்டுக் கிடக்கா. நான் ஒரு மடச்சி! பை வந்த அன்னிக்கிருந்து இங்கயே கிடக்காளே, உடம்பு சரியில்லன்னுல்ல நினைச்சேன்... உன்னை மாதிரியே இவளும்...

எடுக்கவா? இரு... பன்னு, குடுடி. குடு, பார்த்துட்டுத் திருப்பித் தந்துடறேன்... ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, நகத்தைப் போட்டுட்டா... லேசாத்தான்... விடவே மாட்டேங்கிறா. இரு, நானே குனிஞ்சு மோந்து பார்க்கிறேன்...

...

பூனை வாடைதான் வருது...

...

...

வெண்ணெய்... கண்ணு, வெண்ணெய் வாசம் வருது. ரொம்ப லேசா. அடுப்புல கருகின சர்க்கரை மாதிரி... இல்ல, அப்படியெல்லாம் என்னை நம்பாத. இருக்கணும்னு நினைச்சு நினைச்சு மோந்தா எனக்கு எல்லாம்தான் வரும். நீ வந்து பாரு. உனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும், இல்லாமயா மூலைய விட்டு நகராம இப்படிக் கிடக்கா?

...இப்பவேவா? உங்கம்மா என்ன சொல்வாங்க?... சரி, வா. வாம்மா. சூடா ஏதாவது பண்ணி வைக்கிறேன்... போர்வையைப் பிரிச்சுடவா? அந்தச் சட்டையை மட்டும் பிரிச்சுத் தந்துடறேன், கோடு கோடாச் சேர்த்து... வேண்டாமா?... ம்... ம்... சரி. சேர்ந்தே முடிப்போம். நீ வந்து உட்காரு, ஊசியில நூல் கோத்துக் குடு, அது போதும் எனக்கு.

...இல்ல இல்ல, எடுத்து பீரோவுல எல்லாம் வைக்க மாட்டேன். நான் தொடவே மாட்டேன். நீ வர்ற வரைக்கும் அது அவகிட்டயே இருக்கட்டும். அவளை மாதிரி பத்திரமா வச்சுக்க எனக்குத் தெரியல.

ம்... பார்த்து வா. அண்ணன் வண்டியில வராத... சொன்னாக் கேளு, வண்டி வேண்டாம், பஸ்ல வா. லேட்டானாலும் பரவாயில்ல, பஸ்லதான் வரணும்... ஏறினதும் எனக்கு ஒரு போன்... ஹலோ?... ஹலோ?

வச்சுட்டா. கிளம்பிட்டா போலிருக்கு.

பன்னு... தள்ளிப் படுடி. உறையை எடுக்கல, பயப்படாத. தள்ளு. நானும் கொஞ்சம் தலை வச்சுக்கறேன்.