தம்பியின் புகாருக்கு அக்கா சொன்னது

என் பெயர் கோதைநாயகி, வயது 43, க/பெ. நரசிம்மன். திருச்சி தில்லை நகரில் குடியிருக்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அலுவலராக வேலை பார்க்கிறேன். விசாரணைக்கு அழைக்கப்பட்டு இன்று காவல் நிலையத்தில் ஆஜராகிக் கூறுவதாவது:

புகார் கொடுத்துள்ள வெங்கட்ராகவன் என் உடன்பிறந்த தம்பி. அதை மறுப்பதற்கில்லை. அவர் தன் மனைவி ப்ரியம்வதா, எங்கள் தந்தை சௌரிராஜன் ஆகியோருடன் ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் வசிக்கிறார். எங்கள் தாயார் உயிருடன் இல்லை. கடந்த ஆவணியில் ப்ரியம்வதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யமுனா என்று பெயர் வைத்தார்கள். கும்பகோணத்திலிருந்து வந்து உதவிக்கு இருந்த ப்ரியம்வதாவின் தாயார், தன் கணவருக்கு உடல்நிலை மோசமானதால் ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு ஒரு பச்சைக் குழந்தையும் இரண்டு பெரிய ஆண்களும் ப்ரியம்வதாவின் பொறுப்பில் விடப்பட்டார்கள். மூவரில் குழந்தை ஒன்றுதான் அவருக்கு நன்றாகத் தெரியாத ஆள்.

நான் விடுமுறை நாட்களில் அங்கே போவது வழக்கம். ப்ரியம்வதா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்ததைப் பார்த்தேன். குழந்தை தூங்கும்போதும் அவர் தூங்குவதில்லை, தட்டில் போட்ட சாதம் காய்ந்து கிடக்கும். பால் குடித்து முடித்ததும் குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முகத்தில் எந்த அசைவும் இருக்காது. குழந்தை சற்றுநேரம் காத்திருந்துவிட்டு மின்விசிறியின் பக்கம் திரும்பிக்கொள்ளும். நாளடைவில் அது அவர் முகத்தைத் தேடுவதையே குறைத்துக்கொண்டது.

அதன் பிறகு என் தம்பியைத் தனியே அழைத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அதற்கு அவர், "எல்லாரும்தான் பெத்துக்கறா. இவளுக்குப் படிச்ச திமிர். டாக்டர்ட்ட போனா பைத்தியம்னு எழுதிடுவா, என் ஆபீஸ்ல தெரிஞ்சா அசிங்கம்" என்றார். என் தந்தை, பெருமாளைச் சேவித்தால் சரியாகிவிடும் என்றார். குழந்தை அழுதால் அவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாராயணம் செய்வார். அழுகை அதிகமானால் பாராயணத்தின் குரலும் கூடும். அவர் பக்தியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் என் தம்பி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். ப்ரியம்வதா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுகிறது, அவர் தூக்கவில்லை. "இந்தக் காலத்துத் தாய்" என்று கீழே எழுதியிருந்தார். வீடியோ முழுவதும் குழந்தை அழுதுகொண்டேதான் இருக்கிறது. எடுத்தவரின் கை சற்றும் ஆடவில்லை. நான் பெரிதும் மதிக்கும் உறவினர்கள் சிலர் அதற்கு அழும் முகப் பொம்மைகளைப் பதிலாக அனுப்பினார்கள்.

அதைப் பார்த்ததும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஸ்ரீரங்கம் போனேன். ப்ரியம்வதா என்னிடம், "அக்கா, இவளுக்கு என்னைவிட நல்லவா யாராவது வேணும். நீங்க எடுத்துண்டு போங்கோ. நான் கொள்ளிடம் பக்கம் போயிடறேன்" என்றார். கடைக்குப் போய்வருகிறேன் என்பதைப் போலச் சொன்னார். "ரெண்டு பேரும் என்னோட வாங்கோ" என்றேன். செருப்பைக்கூட நான்தான் எடுத்து வைக்கவேண்டியிருந்தது.

பட்டப்பகலில் வாசல் வழியாகத்தான் கிளம்பினோம். என் தந்தை கூடத்தில் இருந்தார். டாக்டரிடம் போகிறோம் என்று சொன்னேன். "அவனைக் கேட்டுண்டு போ" என்றார். "நீங்க போன் பண்ணிச் சொல்லிடுங்கோ, எனக்கு நேரமில்ல" என்றேன். அவர் போன் செய்யவில்லை என்றால் அது என் குற்றம் அல்ல.

அதன் பிறகு தில்லை நகரில் மனநல மருத்துவர் சம்ரீனிடம் காட்டினோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருந்தும் ஓய்வும் கொடுத்தால் குணமாகும், இது திமிரும் அல்ல பைத்தியமும் அல்ல என்று அவர் சொன்னார். தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரே அறையில் சேர்த்துக்கொண்டார்கள். ப்ரியம்வதாவிடம் டாக்டர், "பாசம் வருதான்னு சோதிச்சுக்கிட்டே இருக்காதீங்க. நீங்க என்ன செய்றீங்களோ அதைக் குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, போதும்" என்றார்.

மறுநாள் என் தம்பி இந்தப் புகாரைக் கொடுத்துள்ளார். நல்ல நிலையில் இருந்த மனைவியை நான் மனம் கெடுத்துக் கூட்டிப்போனதாக ஒரு பத்தியிலும், மனைவிக்குப் புத்தி பேதலித்திருப்பதால் குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அடுத்த பத்தியிலும் உள்ளது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. குழந்தையைக் கேட்டு அவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். நர்ஸ் லூர்துராணி குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். அது சட்டையில் பால் கக்கியது. உடனே நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுவ இடம் எங்கே என்று விசாரித்தார்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக மாற்றமில்லை. பிறகு ப்ரியம்வதா தூங்க ஆரம்பித்தார். நேற்று நான் போனபோது குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே, "இது ஈரம். இதக் கழட்டறேன். இப்போ இடது கை" என்று ஏதோ பாடம் நடத்துவதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் வாயையே பார்த்துவிட்டு "ங்கா" என்றது. அவர் கை நின்றது. கொஞ்சம் பொறுத்து, அவரும் "ங்கா" என்றார். குழந்தை மறுபடி சொன்னது. இப்படியே மாறி மாறிப் பேசினார்கள். அந்த நேரத்தில் என் தம்பி உள்ளே வந்து, "எப்போ ஆத்துக்கு வரதா உத்தேசம்?" என்று கேட்டார். ப்ரியம்வதா தலையை நிமிர்த்தாமலேயே, "இருங்கோ, பேசிண்டிருக்கோம்" என்றார்.

குழந்தையை ஒப்படைக்கச் சம்மதமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. குழந்தை என்னிடம் இல்லை, அதன் தாயிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவர் அவரைத்தான் கேட்க வேண்டும்.

மேலே சொன்னவை நான் நேரில் கண்டதும் கேட்டதும் ஆகும். யாருடைய தூண்டுதலும் இல்லை. எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் "கடத்திச் சென்றேன்" என்று இருந்த இடத்தை "ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன்" என்று திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
ந. கோதைநாயகி