அழுத்து, பிடி, விடு

எனக்குக் கால் ரொம்பச் சின்னது. செருப்புக் கடைக்குப் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம்தான் கைகாட்டுவார்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா. ரொட்டி வண்டி மோதிய விஷயத்தில் தன் கைதான் தவறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் கிழித்துப் போடுங்கள். கையில் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் கால் செய்த வேலை, அதுவும் தவறிச் செய்ததில்லை.

எங்கள் பட்டறை வீட்டை ஒட்டினாற்போல இருக்கிறது. அடுப்படிக் கதவைத் திறந்தால் கிரீஸ் வாசனைதான். அவர் டீசல் இன்ஜினும் பார்ப்பார், பிரேக்கும் பார்ப்பார். இன்ஜின் வேலை என்றால் எனக்கு வேப்பங்காய். அதை அவர் ஒண்டியாளாக முடித்துவிடுவார். ஓடவிட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. பிரேக் வேலை அப்படியில்லை. புதுச் சாமான் மாட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்ற ரெண்டு ஆள் வேண்டும். நான் மேலே உட்கார்ந்து வெறுங்காலால் பெடலை மிதிப்பேன். அவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்கிற குட்டித் திருகாணியைத் திறப்பார். "அழுத்து" என்பார், அழுத்துவேன். "பிடி" என்பார், அப்படியே பிடித்திருப்பேன். காற்றும் பிரேக் ஆயிலும் கொப்பளித்து வந்ததும் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பார். அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

அவர் தங்கமான மனிதர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பேசுகிற பழக்கமும் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர் சொன்னதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிரம்பாது. ஆனால் வண்டிக்கடியில் போய்விட்டால் ஆளே வேறு. எதிரில் முகம் இல்லாவிட்டால் அவருக்கு வாய் திறக்கிறது. ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே, சின்ன வயதில் புல்லாங்குழல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதைச் சொல்வார். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்தாலே உதறல் எடுக்கும் என்று ஒருநாள் சொன்னார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அது போதவில்லை. ஒருநாள் அவர் "விடு" சொல்வதற்குக் கண்மூடித் திறக்கும் நேரம் முன்னாலேயே காலை எடுத்தேன். மூடாத நிப்பிள் வழியே காற்று திரும்ப உள்ளே போய்விட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மெத்தென்று இருக்கிறது என்று நானே நேர்மையாகச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து. அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போகப்போக அரை மணி ஒரு மணியாயிற்று, அதுவும் நீண்டது. ஆனாலும் கடைசியில் ஒழுங்காக முடித்துத்தான் வண்டியை அனுப்புவோம்.

அவருக்குத்தான் தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிடும்போது விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடிகூட வாங்கிப் போட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கண்ணாடி அவருக்கு எடுப்பாகவும் இருந்தது.

பிறகு ஒரே ஆள் காற்றெடுக்கிற சாதனம் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு குப்பி, ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். இனிமேல் எனக்குச் சிரமமே இல்லை என்றார். அந்த மாதம் முழுக்க நான் அடுப்படியில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் தையல் ஊசியை எடுத்து அந்தக் குழாயில் ஒரே ஒரு குத்து குத்தினேன். எத்தனை தடவை மிதித்தாலும் காற்று வந்துகொண்டே இருந்தது. சாதனத்தைப் பரண்மேல் எறிந்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"மிஷினும் ஏமாத்துது. உன் காலு பொய் சொல்லாது, நீ வா."

பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அழுதுவிட்டேன்.

அதிலிருந்து கடைசியாகப் பெடலை மிதித்துப் பார்ப்பதையும் என்னிடமே விட்டுவிட்டார். ரொட்டி வண்டியை முடித்த அன்று, அடுத்து பிரேக் வேலை ஒன்றுமே இல்லை. மூன்று டீசல் இன்ஜின்கள் வரிசையாகக் காத்திருந்தன. பத்து நாளைக்கு வீட்டில் பேச்சு மூச்சு இருக்காது. அந்த நேரத்தில் அவர் அடியிலிருந்து, "கெட்டியா இருக்கா?" என்று கேட்டார். என் கால் பஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கல்லு மாதிரி இருக்குங்க" என்றேன்.

டிரைவர் தெருமுனையிலேயே கண்டுபிடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இறக்கம் வரைக்கும் போவார், சுவர் வரைக்கும் போவார் என்று நினைக்கவில்லை. இனி எழுந்து நடக்க மாட்டார் என்கிறார்கள். நல்ல மனிதர், எப்போது வந்தாலும் ஒரு ரொட்டி கொடுப்பார். அந்தச் சுவரிலும் ஏற்கெனவே விரிசல் இருந்தது ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை என் வீட்டுக்காரர் பட்டறைப் பூட்டைக் கையில் எடுத்தார். இனி எந்த வண்டியையும் தொட மாட்டேன் என்றார். பட்டறையைப் பூட்டிவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்? அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இங்கே எழுதியிருக்கிற அதே வரிசையில். ஊசியையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். திட்டினார். பேய் என்றார், பிசாசு என்றார், என்னைக் கட்டிய நாளைச் சொல்லிச் சொல்லித் திட்டினார். என் முகத்தைப் பார்த்து, நின்றுகொண்டே. ரெண்டு மணி நேரம் ஐயா, வண்டிக்கு அடியில் போகாமலேயே.