நாற்பத்தொன்றாவது டிக்

சந்திரமதி: "2024 ஜூலை 9, செவ்வாய். மின்னி பே கடற்கரைப் பள்ளி. காலை 10.40-க்கு நில அதிர்வு. ஏழாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர். ஆறு நிமிடத்தில் அனைவரும் மேட்டு மைதானம் சேர்ந்தனர்." இதான் நான் குடுத்த ரிப்போர்ட்டு. போதுமா?

மெஹர்பானு: இதுல என் மக பேரு?

சந்திரமதி: ஏழாவது நம்பர், அஸ்ரின். டிக் இருக்கு, பாருங்க.

மெஹர்பானு: அவ மேட்டுக்கு வரல, மேடம். கிளாஸ்லயே வீல்சேர்ல உக்காந்திருந்தா.

சந்திரமதி: யாரு சொன்னா? நான் ஒவ்வொரு தலையா…

மெஹர்பானு: அவதான் சொன்னா. மூணு நாள் வாயத் தொறக்காம இருந்துட்டு, இன்னிக்குச் சொல்றா.

சந்திரமதி: பிள்ளைங்க பயத்துல எதையாவது…

மெஹர்பானு: அஸ்ரின், சொல்லு.

அஸ்ரின்: விடும்மா.

மெஹர்பானு: சொல்லுங்கிறேன்ல!

அஸ்ரின்: பக்கத்து சீட்டு மர்ஜானா என் வண்டியத் தள்ளப் பாத்தா, மிஸ். நீங்க "லைன்ல நில்லு"ன்னு சத்தம் போட்டீங்க. விட்டுட்டு ஓடிட்டா. அப்புறம் நீங்களும்… உங்க செருப்பு ஒண்ணு என் சக்கரத்துகிட்ட கெடந்துச்சு. திரும்பி வந்ததும் தேடினீங்கல்ல? நான்தானே எடுத்துக் குடுத்தேன்.

மெஹர்பானு: இப்ப என்ன சொல்றீங்க?

சந்திரமதி: நான் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே அவ மேட்டுலேர்ந்து எறங்கி வந்துட்டான்னு நெனச்சு…

அஸ்ரின்: பறந்தா, மிஸ்? மேட்டுக்கு எண்பது படி.

மெஹர்பானு: நீ சிரிக்காத. மேடம், அன்னிக்குக் கடல் தண்ணி உள்ள வரல. வந்திருந்தா?

சந்திரமதி: ஆபத்து இல்லேன்னு அரை மணியில மெசேஜ் வந்துடுச்சே…

மெஹர்பானு: அந்த அரை மணி இவ ஒத்தையா இருந்தா! நான் பஜார்ல கடையில வளையல் அடுக்கிட்டு இருக்கேன். உங்க பேப்பர்ல இவ மேட்டுல நிக்கிறா.

சந்திரமதி: மெதுவா… பக்கத்து ரூம்ல ஹெட்மாஸ்டர் இருக்காரு.

மெஹர்பானு: அரே, கேக்கட்டும்! ஒரு பிள்ளைய விட்டுட்டு ஓடுனோம்னு மாத்தி எழுதுங்க. அப்பதான் அடுத்த தடவ இவளத் தூக்க ஆள் போடுவாங்க.

சந்திரமதி: எழுதினா என்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க.

மெஹர்பானு: எழுதலேன்னா இவ செத்துப் போவா.

சந்திரமதி: சரி… நான் ஒண்ணு கேக்குறேன். இந்த வருஷம் மூணு சுனாமி ட்ரில் நடந்துச்சு. மூணுக்கும் அஸ்ரின் ஏன் வரல?

மெஹர்பானு: அதுக்கும் இதுக்கும் என்ன?

அஸ்ரின்: அன்னிக்கெல்லாம் எனக்கு டாக்டர்கிட்ட போகணும். இல்லம்மா?

மெஹர்பானு: …ஆமா.

அஸ்ரின்: மூணு தடவையும் டாக்டர் லீவு. நம்ம கடையில உக்காந்து ஐஸ்க்ரீம் தின்னோம்.

சந்திரமதி: சொல்லிடட்டுமா, மெஹர்பானு?

மெஹர்பானு: வேணாம். நானே சொல்றேன். "ட்ரில் அன்னிக்கு அனுப்பாதீங்க, இவளால டைம் கராப் ஆகும், ஆறு நிமிஷத்துல முடிக்க முடியாது, ப்ரசென்ட் போட்டுக்கறோம்"னு மேடம் போன் பண்ணாங்க. நான்… சரின்னேன்.

அஸ்ரின்: மூணு தடவையுமா?

மெஹர்பானு: எல்லாரும் ஓடுறத நீ மட்டும் உக்காந்து பாப்பியேன்னு… என்னால முடியலடா.

அஸ்ரின்: என்னைக் கேட்டிருக்கலாம்ல? மிஸ், அன்னிக்கு மேட்டுல நீங்க எண்ணவே இல்லையா?

சந்திரமதி: எண்ணினேன். நாற்பது. ட்ரில்லுக்கு எப்பவும் நாற்பதுதான் வரும். ஏழாம் நம்பருக்கு நானே டிக் போட்டு நாற்பத்தொண்ணு ஆக்குவேன். அன்னிக்கும் கை அப்படியே போட்டுடுச்சு. கணக்கு சரியா இருக்குன்னு உக்காந்து தண்ணி குடிச்சேன்… அந்தப் பேனாவ எடுத்துக் குடு, அஸ்ரின். மாத்தி எழுதறேன்: "மேட்டுக்கு வந்தவர்கள் நாற்பது பேர். ஒரு மாணவி வகுப்பறையில் இருந்தார். டிக் போட்டது நான்."