சூடான பிறகு நிற்காத சங்கிலி

ஐயா, உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் வைத்திருக்கும் அந்த மரம் அறுக்கும் மெஷினை நிழலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். வெயில் பட்டால் டேங்க் மூடி இளகி எண்ணெய் கசியும்.

காலையில் உங்கள் ஏட்டு அதை ஓட்டிப் பார்த்தது எனக்குக் கேட்டது. விசையை அழுத்தினால் சங்கிலி ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க, அந்தப் பையன்தான் அசந்துட்டான்" என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறிக் கிடக்கும்போது யார் ஓட்டினாலும் அப்படித்தான் தெரியும். ரொம்ப காலம் எனக்கே பிடிபடாத கோளாறு அது. பொறுமையாகக் கேட்டால் புரியும்.

உடுமலை ரோட்டில் மருந்தடிக்கும் மெஷின், மொபெட் எல்லாம் பழுது பார்க்கும் கடை என்னுடையது. இறந்துபோன ரூபன் என் மனைவி அன்புக்கரசியின் தம்பி. தொண்ணூற்றாறில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது இந்த மெஷினை எடுத்தேன். பழைய மாடல், பிரேக் கிடையாது. நன்றாக ஓடும்; ஆனால் சூடேறிய பிறகு விசையை விட்டாலும் சங்கிலி நிற்காது. அதனால்தான் வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை.

சங்கிலி எப்படி நிற்கிறது என்பதைச் சொல்கிறேன். மாரியம்மன் நோம்பிக்குக் குடை ராட்டினம் போடுகிறார்களே, அது மெதுவாகச் சுற்றும்போது நாற்காலிகள் நேராகத் தொங்கும். வேகம் பிடித்தால் வெளிப்பக்கமாக விரியும். இதற்குள்ளும் அப்படித்தான். ஸ்பிரிங்கில் கட்டிய இரண்டு இரும்புத் துண்டுகள் உண்டு. இஞ்சின் வேகமெடுத்தால் அவை விரிந்து சுற்றியிருக்கும் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், சங்கிலி ஓடும். வேகம் குறைந்தால் சுருங்கும், சங்கிலி நிற்கும். ஆகவே சங்கிலி நிற்கவில்லை என்றால் இஞ்சின் வேகம் குறையவில்லை என்று அர்த்தம். ஏன் குறையவில்லை? அதுதான் எனக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன். கார்பரேட்டரையே மாற்றினேன். ஆறியிருந்தால் சரியாக இருந்தது, சூடானால் பழையபடிதான்.

ரூபன் அப்போது என் கடையில் சும்மா வந்து உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் மெஷின் கொதிக்கிறது என்று ஈரத்துணியை எடுத்து அதன் கழுத்தில் சுற்றினான். சத்தம் உடனே அடங்கியது. "மச்சான், துணியச் சுத்துனா நின்னுபோடுது பாருங்க. எடுத்தா மறுக்கா ஏறுது" என்றான், சிரித்துக்கொண்டே. கார்பரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஆறும்போது மூடிக்கொள்ளும், சூட்டில் விரியும். அந்த வழியாகக் கூடுதல் காற்று போனால் இஞ்சின் தானாகவே வேகமெடுக்கும். ஈரத்துணி வெடிப்பை அடைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கோயமுத்தூர் போய் ஒரு மோட்டார் சைக்கிளின் ரப்பரை வாங்கி, அளவுக்கு அறுத்து மாட்டினேன். பழையதை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன். மெக்கானிக் எதையும் தூக்கிப் போட மாட்டான்.

அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு நான் செய்ததை வேறு யாராலும் செய்திருக்க முடியாது. தென்னை மரம் மற்ற மரம் மாதிரி இல்லை. வெளிச்சுற்று இரும்பு, நடுவில் ஈரப் பஞ்சு. ஆகவே சங்கிலியின் பற்களை வேறு சாய்வில் அரம் போட்டேன். சைலன்சரின் ஓட்டையைப் பெரிதாக்கினேன். புகை தாராளமாக வெளியேறினால் இஞ்சின் கூடுதலாக மூச்சு விடும். அதற்கேற்ப பெட்ரோலும் கூட்ட வேண்டும். கூட்டினேன். எஸ்டேட்டில் ஓடியதைவிட அது அறுக்கும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே ஒரு குறை, சூட்டில் அணைத்தால் மறுபடி கிளப்புவது கஷ்டம். அதனால் வேலை முடியும் வரை அணைக்காதே என்று ரூபனிடம் சொல்லியிருந்தேன். அவன்தான் மரம் அறுக்கப் போனான்.

அணைக்காத மெஷினைக் கையிலேயே தூக்கி வைத்திருக்க முடியுமா? ஒரு மரம் விழுந்ததும் அதன்மேலேயே உட்கார்ந்து, மெஷினைத் தொடையில் கிடத்திக்கொண்டு முகம் துடைப்பான். குழந்தையை மடியில் போட்டுக்கொள்வது போல இருக்கும். "கீழ வெய்யி மாப்ள" என்று சொல்லியிருக்கிறேன். "மச்சான் செஞ்ச மெஷினுங்க. கைய எடுத்தா நின்னுபோடும், எனக்கென்ன பயம்?" என்பான். பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஊரில் அதை ரூபன் மெஷின் என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா.

ஒரு மாலை கடையில் அதைப் பிரித்துக் கழுவி, பூட்டி ஓட்டினேன். அப்படி ஒரு சுத்தமான சத்தம் அதுவரை வந்ததில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அன்புக்கரசி சிரித்த முகத்தோடு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "ரூபன் வல்லீங்களா? சத்தத்தக் கேட்டு அவன்னே நெனச்சுப்போட்டேன்" என்றாள். அந்த டீயை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். குடித்தேன்.

பிறகு ஆனைமலைப் பக்கம் வெங்கடபதி நாயுடு தோப்பில் வயதான மரங்களை எடுக்கும் வேலை வந்தது. முதல் நாள் நானும் போனேன். ஒரு மரம் நான் அறுக்கிறேன் என்றேன். பாதியில் மரம் என் பக்கமே சாய்ந்து மெஷினின் வாளைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. வேலைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"ஏப்பா சாமுவேலு, மெஷினுக்கு வைத்தியம் தெரிஞ்சவனுக்கு மரத்துக்குத் தெரியாதாட்ட இருக்குது" என்றார் நாயுடு.

ரூபன் வந்து ஒரு ஆப்பைச் செருகி, தோளால் மரத்தை முட்டி, வாளை உருவி எடுத்தான். "அப்படிச் சொல்லாதீங்க. மச்சான் இல்லீன்னா இது பழைய இரும்புங்க" என்று அவரிடம் சொன்னான். உண்மையாகவே சொன்னான். கேலி செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் மெஷினை நான்தான் சர்வீஸ் செய்து கொடுத்தேன். காற்று வடிகட்டியைக் கழுவினேன், பற்களை நன்றாகத் தீட்டினேன். அவன் கடை வாசலில் கிளப்பிப் பார்த்தான். கையை எடுத்தான், சங்கிலி நின்றது. "ராஜா மாதிரி இருக்குதுங்க மச்சான்" என்றான்.

அன்றும் தோப்புக்குப் போனேன். வாய்க்கால் மேட்டில், எல்லாம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றேன். சில மரங்கள் விழுந்தன. வெயில் ஏறியது. அடுத்த மரம் சாய்ந்ததும் அதன்மேல் உட்கார்ந்து, விசையை விட்டு, மெஷினைத் தொடையில் கிடத்தித் துண்டை எடுத்தான். வெடிப்பு இருந்தால் சத்தம் முதலில் இறங்கும், பிறகுதான் தானாக ஏறும். இறங்கியது. ஏற ஆரம்பித்தது. அங்கே இருந்தவர்களில் அந்த வித்தியாசம் எனக்கு மட்டும் கேட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுக்க நேரம் இருந்தது. நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொடையில் பெரிய ரத்தக் குழாய் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வண்டியில் இறந்துவிட்டான். அன்புக்கரசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? மெஷினுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். மெஷின் விஷயத்தில் நான் சொல்வதை நம்புகிறவள் அவள், நம்பினாள்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். அடக்கத்தின்போது வெங்கடபதி நாயுடு எல்லார் முன்னாலும் சொன்னார்: "சங்கிலி தானா ஓடுனத நாங் கண்ணால பாத்தேன். அதுல என்னமோ இருக்குது. ஆனா அதக் கண்டுபுடிக்க ரூபனாலதான் முடியும், அவன் போயிட்டான்." சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அன்புக்கரசியும் தலையை ஆட்டினாள். ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை.

அது சரியில்லை ஐயா. எனக்குத் தெரியும். நாயுடுவையும் என் மனைவியையும் இங்கே வரவழைத்து, அவர்கள் முன்னால் செய்து காட்டுகிறேன். மெஷினைக் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓட்டிச் சூடாக்குங்கள். கையை எடுத்தாலும் சங்கிலி நிற்காது. கார்பரேட்டருக்குப் பின்னால் இருப்பது வெடித்த பழைய ரப்பர். அன்று காலை சர்வீஸ் செய்யும்போது நான் மாட்டியது. நல்ல ரப்பர் என் கடையில் மேல் தட்டில், பவுடர் டப்பாவில் இருக்கிறது. அதைப் போட்டு இரண்டு பக்கமும் கிளாம்பை இறுக்கினால் போதும், கையை எடுத்ததும் சங்கிலி நின்றுவிடும்.