மலையை வலம் வந்த நாலாவது ஆள்

கோதண்டராமன்: அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பேரை எடுத்துடு.

சிந்துஜா: எந்தப் பேரை மாமா?

கோதண்டராமன்: தெரியாத மாதிரி கேக்காத. கீழ்பென்னாத்தூர்லருந்து நம்ம சொந்தக்காரன் ராஜேந்திரன் போன் பண்றான். "உங்க மருமக போட்டோவைப் போட்டு, கீழ ஹவில்தார் முருகையன்னு எழுதி, சென்னையில ஏதோ வீடியோ கேம் போட்டின்னு பேப்பர்ல வந்திருக்கே... அது உங்கப்பா பேருதானே"ங்கறான். நான் என்ன பதில் சொல்ல?

சிந்துஜா: ஆமான்னு சொல்றது.

ரேவதி: காபி ஆறுது. மாமனாரும் மருமகளும் குடிச்சுட்டு சண்டை போடுங்க.

கோதண்டராமன்: நீ சும்மா இரு ரேவதி. ஏம்மா, எங்கப்பா ரெண்டாம் உலக யுத்தத்துல நெஜமாவே பர்மாவுக்குப் போனவரு. ஹால்ல போட்டோ மாட்டி, மெடல் மாட்டி வெச்சிருக்கோம். அவரு பேரை ஒரு செல்போன் விளையாட்டுக்கு வெக்கலாமா?

சிந்துஜா: அதுவும் அதே யுத்தம்தான் மாமா. அதே பர்மா. காடு, மழை, சேறு எல்லாம் அப்படியே இருக்கும். நாமதான் துப்பாக்கி புடிச்சுக்கிட்டு உள்ள நடந்து போற மாதிரி. அவனவன் புலி, சுனாமின்னு பேரு வெச்சுக்கறான். நான் நம்ம வீட்டு ஆள் பேரை வெச்சேன்.

கோதண்டராமன்: வெச்சு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாவறாரு?

சிந்துஜா: இப்பல்லாம் கம்மி மாமா.

கோதண்டராமன்: எத்தனை?

சிந்துஜா: ...ஏழெட்டு.

கோதண்டராமன்: கேட்டியா ரேவதி? பர்மாவுலருந்து மேல ஒரு கீறல் இல்லாம திரும்பி வந்த மனுஷன். எண்பத்தாறு வயசுல தூக்கத்துல போனாரு. அவரை இவ தினம் ஏழெட்டு தடவை சாவடிக்கறா.

ரேவதி: இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு.

கோதண்டராமன்: எங்கப்பா எதுக்கும் சிரிச்சதில்ல.

ரேவதி: அது உங்ககிட்ட. என்கிட்ட நல்லாவே சிரிப்பாரு.

சிந்துஜா: மாமா, ஆரம்பத்துல முப்பது தடவை செத்துக்கிட்டு இருந்தாரு. கம்மியானதுக்கு நான் காரணமில்ல. எங்க டீம்ல நாலாவதா ஒருத்தர் இருக்காரு. அவராலதான்.

கோதண்டராமன்: எவனோ ஒருத்தன். அவன் கதை எனக்கெதுக்கு?

சிந்துஜா: கேளுங்களேன். நான், எங்க காலேஜ்ல கூட வேலை பாக்கற மாறன், வேதா... நாங்க மூணு பேரும் தெரிஞ்சவங்க. நாலாவது ஆள் சித்திரை மாசம் தானா வந்து சேந்தாரு. யாருன்னு தெரியாது. அந்த விளையாட்டுல ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் பேரு எழுதியிருக்கும். இவருக்கு வெறும் நம்பர்தான் இருக்கும். வாயைத் திறந்து பேசவும் மாட்டாரு.

கோதண்டராமன்: பேரு வெக்கத் தெரியலையோ என்னவோ.

சிந்துஜா: இருக்கும். சுடவும் தெரியாது.

கோதண்டராமன்: ...சுத்தமாவா தெரியாது?

சிந்துஜா: நாலு மாசத்துல ஒரு மரத்தையும் எங்க மாறனையும்தான் சுட்டிருக்காரு.

ரேவதி: அய்யோ பாவம், மாறன்.

கோதண்டராமன்: அந்த இருட்டுல யாரு எவருன்னு தெரியவா செய்யுது?

சிந்துஜா: இருட்டுன்னு நான் சொல்லலையே.

கோதண்டராமன்: யுத்தம்னா இருட்டாத்தான் இருக்கும். அப்பா சொல்லுவாரு.

ரேவதி: யுத்தம் கெடக்கட்டும். உன் புருஷனோட பழைய செல்லைப் பாத்தியா சிந்து? சித்திரை மாசத்துலருந்து தேடினு இருக்கேன்.

கோதண்டராமன்: எலி தூக்கினு போயிருக்கும்.

ரேவதி: சார்ஜரையும் சேத்தா?

சிந்துஜா: விடுங்க அத்தை, கெடைக்கும். மாமா, சனிக்கிழமை சென்னையில நாலு பேரும் நேர்ல போய் உக்காரணும். ஒருத்தர் கம்மின்னாலும் உள்ள விட மாட்டாங்க. அவரு வரலைன்னா நாலு மாசம் பாடுபட்டதெல்லாம் வீணு. மாறன் வேற ஆளைச் சேக்கலாம்ங்கறாரு. முடியாதுன்னுட்டேன்.

கோதண்டராமன்: ஏன்? மாறன் சொல்றது சரிதானே. சுடத் தெரியாதவனைக் கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவ?

சிந்துஜா: அது மட்டுமா? நடுவுல ஒரு மலை இருக்கு. எதிரிங்க பதுங்கற குழி அதுக்குப் பின்னாடி. மலை இடது கைப்பக்கம் இருக்கற மாதிரி போனா நாலு எட்டுல போயிடலாம். இவரு போக மாட்டாரு. மலை வலது கைப்பக்கம் இருக்கணும் அவருக்கு. முழுசா சுத்திக்கிட்டுத்தான் வருவாரு. வந்து சேர்றதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சிடும்.

கோதண்டராமன்: அதுல என்ன தப்பு? மலைன்னு ஒண்ணு இருந்தா வலமாத்தானே சுத்தணும்?

சிந்துஜா: மாமா, அது பர்மா.

கோதண்டராமன்: பர்மாவுல இருந்தா மலை மலையில்லாம போயிடுமா?

ரேவதி: சரியான கேள்வி.

சிந்துஜா: விழுந்து கெடக்கறவன் எதிரியா இருந்தாலும் தாண்ட மாட்டாரு. ஒதுங்கிப் போவாரு. பௌர்ணமின்னா ஆளே வர்றதில்ல. நம்ம வேங்கிக்கால்ல கரண்ட் போச்சுன்னா, அதே நிமிஷம் அவரும் காணாம போயிடறாரு.

கோதண்டராமன்: ...திருவண்ணாமலைக்காரனா இருப்பான்.

சிந்துஜா: நானும் அப்படித்தான் நெனச்சேன்.

கோதண்டராமன்: ஊர்ல லட்சம் பேரு இருக்காங்க. யாருன்னு கண்டது?

ரேவதி: நீங்க காபியைக் குடிங்க. ஆறு மணிக்கு மாடி ரூம்ல கதவைச் சாத்தினு தேவாரம் படிக்கணுமில்ல?

சிந்துஜா: இன்னிக்கும் தேவாரம் உண்டா மாமா?

கோதண்டராமன்: தினமும் உண்டு. பேச்சை மாத்தாத. பேரை எடுப்பியா, மாட்டியா?

சிந்துஜா: எடுக்கறேன். போன வாரம் நடந்ததைக் கேட்டுட்டு, அப்பவும் எடுன்னு சொன்னா எடுத்துடறேன்.

கோதண்டராமன்: சொல்லு.

சிந்துஜா: கடைசி ஆட்டம். ஜெயிச்சாதான் சென்னை. மாறனும் வேதாவும் விழுந்துட்டாங்க. நான் குழிக்கு இந்தப் பக்கம் ஒண்டியா கெடக்கேன். துப்பாக்கியில குண்டு மாத்தணும், நேரமில்ல. நாலு பேரும் என்னைப் பாத்து வர்றானுங்க.

கோதண்டராமன்: மூணு பேரு.

சிந்துஜா: என்ன மாமா?

கோதண்டராமன்: நாலுன்னா ஜாஸ்தியாச்சேன்னு சொன்னேன். நீ மேல சொல்லு.

சிந்துஜா: ஆமா... மூணு பேருதான். அந்த நேரம் பாத்து இவரு மலையைச் சுத்தி முடிச்சுட்டு, அவனுங்களுக்குப் பின்னாடி வந்து சேர்றாரு. அப்பவே சுட்டிருக்கலாம். சுடலை. ஓடி வந்து, அவனுங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னுட்டாரு. மூணு பேரும் அவரையே சுட்டானுங்க. அதுக்குள்ள நான் குண்டு மாத்தி மூணு பேரையும் முடிச்சேன்.

கோதண்டராமன்: ஜெயிச்சியா இல்லையா? அப்புறம் என்ன?

சிந்துஜா: ஜெயிச்சேன். ஆனா அன்னிக்கு மட்டுமில்ல மாமா. ஒவ்வொரு ஆட்டத்துலயும் அப்படித்தான். எங்கருந்தாவது வந்து எனக்கு முன்னாடி நிப்பாரு. வாங்கிக்கிட்டு விழுவாரு. மாறனுக்கு முன்னாடி ஒருநாள் கூட நின்னதில்ல. எனக்கு மட்டும் ஏன்னு தெரியலை.

ரேவதி: பெரியவரு சொல்லுவாரே... பர்மா மலையில அவரு மேல பட வேண்டிய குண்டை எவனோ குறுக்க வந்து வாங்கினான்னு. பேரு என்னன்னு கேக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சாம். கார்த்திகை தீபத்துக்கு அவனுக்குன்னு தனியா ஒரு அகல் ஏத்துவாரு.

கோதண்டராமன்: இப்ப நான் ஏத்தறேன்.

சிந்துஜா: தெரியும் மாமா. போன தீபத்துக்கு அதுல எண்ணெய் ஊத்தினது நான்தான். ஊத்தறப்ப நீங்க அந்தக் கதையைச் சொன்னீங்க. அன்னிக்குத்தான் அந்தப் பேரை வெச்சேன்.

கோதண்டராமன்: ...என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல.

சிந்துஜா: நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோதண்டராமன்: நான் என்னத்தைச் சொல்ல?

சிந்துஜா: ஒண்ணுமில்ல.

கோதண்டராமன்: இங்க பாரும்மா. அந்த ஆளு எழுபது வயசுக்காரனா இருந்தா? கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் நாலு பேரு எழுந்து நிக்கற மாதிரி வேலை பாத்தவனா இருந்தா? காலேஜ் பசங்க நடுவுல போய் செல்லைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா, சொந்தக்காரன் என்ன பேசுவான்? அவன் குடும்ப கௌரவம் என்ன ஆவுறது?

சிந்துஜா: கௌரவம் கொறையாது மாமா. முருகையன் பேரு ஜெயிச்சதுன்னுதான் பேசுவாங்க. அவரு வரலைன்னா நானும் போகலை. பேரையும் எடுத்துடறேன். போதுமா?

கோதண்டராமன்: நான் உன்னைப் போக வேணாம்னு சொல்லலையே.

ரேவதி: பொண்ணு கண்ணு கலங்குது பாருங்க. இன்னும் என்ன வீம்பு?

கோதண்டராமன்: யாருக்கு வீம்பு? எனக்கென்ன வீம்பு?

சிந்துஜா: சனிக்கிழமை காலையில ஏழு மணி பஸ்ஸு. நாலு சீட்டு போட்டுட்டேன். நாலாவது சீட்டு ஜன்னலோரம் மாமா... ஜன்னல் இல்லைன்னா உங்களுக்குத் தலை சுத்துமே.

ரேவதி: வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் குடுத்து வாங்கி வெச்சு ரெண்டு நாளாச்சு.

கோதண்டராமன்: ...தலைக்கு மேல எங்கப்பா பேரு எழுதியிருக்கு. என் கண்ணெதிர்ல அது குண்டு பட்டு விழறதை நான் எப்படிம்மா பாத்துக்கிட்டு இருப்பேன்? அதான் வந்து நின்னேன்... பேரு இருக்கட்டும், எடுக்காத. மாறன்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. சென்னையிலயும் நான் மலையை வலமாத்தான் சுத்துவேன்.