சிவப்புத் துணி சுற்றிய கேன்

காலையில் காபிக்கு முன்னால் நான் படம் எடுப்பேன், ஐயா. பதினோரு வருஷப் பழக்கம். சோறு போடுவது திண்டிவனத்தில் இருக்கும் என் ஸ்டூடியோதான்: பாஸ்போர்ட் போட்டோ, மாதா கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை, கல்யாணம். காலைப் படம் மட்டும் எனக்கென்று எடுப்பது. வானூர்ப் பக்கம் ஒரு போட்டோ பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டேன். படத்தைத் தேடிப் போகக் கூடாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதையும் தொடக் கூடாது, மாற்றக் கூடாது. கோயிலில் முழங்காலிட்டுக் கிடைக்காத அமைதி எனக்கு அதில் கிடைத்தது. பொய் சொல்லவில்லை.

தை மாதத்திலிருந்து திருவக்கரைக்கு அந்தப் பக்கம், கைவிட்ட கல்குவாரிக் குட்டைக்குப் போய்வந்தேன். பச்சைத் தண்ணீர். கரையோரம் இடுப்பளவு ஆழத்தில் பாறை மேடை, அது முடிந்தால் எண்பதடிப் பள்ளம். அங்கே முன்பு கல் உடைத்த சவுரிராயன், துணி அலச வரும் பெண்களுக்காக, மேடை முடியும் இடத்தில் ஒரு வெள்ளை கேனை மிதக்கவிட்டிருந்தார். கேனில் சிவப்புத் துணி. அதன் கயிற்றைக் கரையில் ஒரு முளையில் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் மகள் வெனிலாதான் இதைச் சொன்னாள்.

"கேன் வரைக்கும் தரை இருக்குதுண்ணே. அதத் தாண்டினா மாதா கூட காப்பாத்த மாட்டா."

நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கேன் இருந்த இடம் சரியில்லை. எதிர்ப்பாறையின் நிழல் தண்ணீரில் விழுகிறதே, அதன் நட்டநடுவில் அந்தச் சிவப்பு இருக்க வேண்டும். நாற்பது நாள் பொறுத்தேன். கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை முளையில் இருந்த கயிற்றை இரண்டு ஆள் நீளத்துக்குத் தளர்த்தினேன். காற்று கேனைத் தானாக இழுத்துப்போனது. தண்ணீரை நான் தொடவில்லை. அன்று மேகம், மறுநாளும் மேகம். பழையபடி கட்டியிருக்கலாம்தான். மறுபடி அதே இடம் அமைய வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. வெனிலாவும் வந்தாள், தோளில் போர்வையோடு. நான் எதிர்க்கரையில் இருந்தேன். கேனைப் பார்த்தபடி தண்ணீருக்குள் நடந்தாள். தயங்கவே இல்லை, அப்பா கட்டிய கேன் அல்லவா. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நின்றிருப்பாள், திரும்பியிருப்பாள், அந்தக் கணம் போயிருக்கும். ஏழு படம் எடுத்தேன். ஏழாவதில் போர்வை மட்டும்தான்.

மகள் படத்தைப் பெரிசு பண்ண சவுரிராயன் என்னிடம்தான் வந்தார். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன்.

"கவுறு நான் கட்னதுதாம்பா. எப்டி நழுவுச்சின்னே தெரியல. எம் பொண்ண நானே கொன்னுட்டேன்."

விதி, விடுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது. இப்போது அவர் தினமும் அந்தக் கரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருக்கிறாராம். நான் ஒருமுறை போனேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் கேமராவில் அவர் வந்துவிடுகிறார். அதனால் போவதை விட்டுவிட்டேன். அவருக்கு அது ஒரு வேதனை என்றால் எனக்கும் ஒன்று.

அந்த ஏழில் முதல் படத்தைக் கடை முகப்பில் நான்தான் மாட்டினேன். உங்கள் ஏட்டு அதில் கேனையும், மூலையில் சின்னதாக அவளையும் பார்த்துவிட்டு, கழற்றி எடுத்துவந்துவிட்டார். எழுதிக்கொள்ளுங்கள்: கயிற்றைத் தளர்த்தியது லூர்து பிரகாஷ். அவள் மூழ்கும்போது பார்த்துக்கொண்டிருந்ததும் நானே. சவுரிராயனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் பேச வராது.

அந்தப் படத்தை மட்டும் மடக்காமல் வையுங்கள், ஐயா. அதில் நான் எதையும் மாற்றவில்லை.